சாவி யாரிடம் இருக்கிறது? புது ஊரில் குடும்ப நிகழ்ச்சிகளைத் தேடுவோருக்கு ஒரு வழிகாட்டி

புது ஊருக்குக் குடிவந்த மூன்றாம் வாரம், பிள்ளைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு ஒரு பொம்மலாட்டம் பார்க்கக் கிளம்பினேன். குடியிருப்புக் குழுவில் யாரோ பகிர்ந்த சுவரொட்டியில் தேதி, நேரம், இடம் எல்லாமே இருந்தன. போய்ச் சேர்ந்தபோது அரங்கத்தின் வாசலில் பூட்டு தொங்கியது. காவலாளி என் கைபேசியை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது போன வருடமே நடந்து முடிந்துவிட்டதே" என்றார். சின்னவள் வீடு வந்து சேரும்வரை அழுதாள். திரும்பும்போது அவர் சொன்னது இன்றும் எனக்குப் பயன்படுகிறது: "சாவி என்னிடம்தான் இருக்கிறது. இங்கே எது நடந்தாலும் முந்தின நாளே எனக்குச் சொல்லிவிடுவார்கள். அடுத்த முறை கேட்டுவிட்டு வாருங்கள்."

ஒரு நிகழ்ச்சியைப் பற்றிப் பத்துப் பேர் பேசலாம். கதவைத் திறக்கப்போகிறவர் ஒருவர்தான். நிகழ்ச்சி நடக்காமல் போனால் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். அவரிடமிருந்து எத்தனை கை மாறி ஒரு செய்தி உங்களிடம் வந்திருக்கிறது என்பதைப் பார்த்தால், அதை எவ்வளவு நம்பலாம் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். நாள்பட அந்த ஊரில் இருப்பவர்களுக்கு இது பழக்கத்தில் வந்துவிடுகிறது. புதிதாக வந்தவர்கள் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு நான் கண்ட வழிகளை, செய்ய வேண்டிய வரிசையிலேயே சொல்கிறேன்.

முதல் வாரம்: நடந்து பாருங்கள்

கைபேசியில் தேடுவதற்கு முன்னால், வீட்டைச் சுற்றி நடக்கக்கூடிய தொலைவுக்குள் இருக்கும் பொதுக் கட்டடங்களை ஒருமுறை பார்த்துவிடுங்கள். நூலகம், சமுதாயக் கூடம், பூங்கா, விளையாட்டுத் திடல், நீச்சல்குளம், பள்ளி வாசல், ஆரம்ப சுகாதார மையம். இவற்றில் பெரும்பாலானவற்றின் முன்னால் ஓர் அறிவிப்புப் பலகை இருக்கும். அதில் ஒட்டியிருப்பதைப் படிப்பதற்கு முன், பலகை எப்படி இருக்கிறது என்று பாருங்கள். முடிந்துபோன நிகழ்ச்சிகளின் தாள்கள் மஞ்சளாகிக் கிழிந்து தொங்கினால், அதை யாரும் கவனிப்பதில்லை என்று பொருள். அங்கே புதிதாக ஒட்டிய தாளையும் விசாரிக்காமல் நம்ப வேண்டாம். கண்ணாடிக் கதவும் பூட்டும் போட்ட பலகையாக இருந்து, பழைய தாள்கள் அகற்றப்பட்டிருந்தால், அங்கே ஒருவர் பொறுப்போடு இருக்கிறார். உள்ளே போய் அவர் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பிள்ளைகளையும் உடன் அழைத்துப் போனால் நல்லது. பெரியவர்கள் கவனிக்காமல் கடந்துபோகும் உயரத்தில் ஒட்டிய தாள்கள் அவர்கள் கண்ணில்தான் படும்.

நூலகத்தில் நிதானமாக நேரம் செலவிடுங்கள்

ஒரே ஓர் இடத்துக்குத்தான் போக முடியும் என்றால் நூலகத்துக்குப் போங்கள் என்பேன். யுனெஸ்கோ 1949இல் பொது நூலகங்களுக்கான கொள்கை அறிக்கையை முதன்முதலாக வெளியிட்டது. உலக நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பான இஃப்லாவோடு சேர்ந்து 2022இல் அதைப் புதுப்பித்தார்கள். பொது நூலகம் என்பது அந்தந்த வட்டாரத்தின் தகவல் மையம் என்றும், அதன் சேவை கொள்கையளவில் கட்டணமின்றி இருக்க வேண்டும் என்றும் அந்த அறிக்கை சொல்கிறது. நூலகத்தில் போய், "பிள்ளைகளுக்கு ஊரில் என்ன இருக்கிறது?" என்று கேட்பது அவர்களுக்குத் தொல்லை கொடுப்பதாகாது. அது அவர்களுடைய வேலைதான். தயங்கி நிற்கும் புதியவர்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

எப்படிக் கேட்கிறோம் என்பதும் முக்கியம். "ஊரில் ஏதாவது நிகழ்ச்சி நடக்கிறதா?" என்று பொதுவாகக் கேட்டால், கைக்கு எட்டிய ஒரு துண்டறிக்கைதான் கிடைக்கும். "நான்கு வயதுப் பெண், கூட்டமென்றால் பயப்படுவாள், சனிக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் உட்காரக்கூடிய இடம் வேண்டும்" என்று கேளுங்கள். பிள்ளையின் வயது, சுபாவம், நாள், நேரம் என்று நான்கையும் சொன்னால், மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் யோசிக்கத் தொடங்குவார். கதை சொல்லும் நேரம், கைவினை வகுப்பு, சதுரங்கக் குழு, பழைய புத்தகப் பரிமாற்றம் என்று பலகையில் ஏறாத செய்திகள் அப்போதுதான் வெளிவரும். கிளம்பும் முன் இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: "உங்களுக்கு இந்தச் செய்திகளெல்லாம் யார் அனுப்புகிறார்கள்?" நூலகத்துக்கு அறிவிப்பு அனுப்புகிற மன்றங்கள், இசைப் பள்ளிகள், விளையாட்டுக் குழுக்கள் ஆகியவற்றின் பெயர்கள் கிடைத்துவிட்டால் உங்கள் தேடலில் பாதி முடிந்தது.

ஒருமுறை நடப்பதை விட, வாராவாரம் நடப்பது

புதிதாக வந்த குடும்பங்கள் பெரும்பாலும் பெரிய திருவிழா, பெரிய கண்காட்சி என்றுதான் தேடுகிறார்கள். நான் அதை இரண்டாவதாக வைப்பேன். முதலில் தேட வேண்டியது ஒரே இடத்தில், ஒரே கிழமையில், ஒரே நேரத்தில் திரும்பத் திரும்ப நடப்பவற்றை. காரணம் எளியது. இந்த வாரம் தவறினால் அடுத்த வாரம் போகலாம். நேரம் மாறியிருந்தாலும் பெரிய இழப்பில்லை. மூன்றாவது முறை போகும்போது உங்கள் பிள்ளையின் பெயர் அங்கே இரண்டு பேருக்காவது தெரிந்திருக்கும். அவர்களே உங்களுக்கு அடுத்த செய்தியைச் சொல்லும் ஆட்களாக ஆகிவிடுவார்கள்.

பார்க்ரன் என்ற பூங்கா ஓட்ட நிகழ்ச்சி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2004 அக்டோபரில் இலண்டன் பூங்கா ஒன்றில் 13 பேர் ஓடியதோடு தொடங்கியது. இன்று பல நாடுகளில் நடக்கிறது: 5 கிலோமீட்டர், வாரந்தோறும், கட்டணம் இல்லை, நடத்துபவர்கள் எல்லாரும் தன்னார்வலர்கள். ஓட வேண்டிய கட்டாயமும் இல்லை. நடக்கலாம், வழிகாட்டும் இடத்தில் நின்று உதவலாம். சில நாடுகளில் 4 முதல் 14 வயதுள்ள பிள்ளைகளுக்கு 2 கிலோமீட்டர் ஓட்டமும் தனியாக உண்டு. உங்கள் ஊரில் இது இல்லாவிட்டாலும் இதே வார்ப்பில் ஏதோ ஒன்று இருக்கும். காலை நடைக் குழு, பறவை பார்க்கும் குழு, பூங்காவைச் சுத்தம் செய்யும் குழு என்று விசாரியுங்கள். தன்னார்வலராகச் சேர்ந்துவிட்டால் நிகழ்ச்சி மாற்றங்கள் மற்றவர்களுக்கு முன்பே உங்களுக்கு வந்து சேரும்.

நாட்காட்டியை முன்கூட்டியே குறித்து வையுங்கள்

எந்த ஊராக இருந்தாலும், பொது நிறுவனங்கள் ஏதாவது செய்யக்கூடிய நாட்கள் சில உண்டு. ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள். யுனெஸ்கோ 1995இல் அறிவித்தது. மே 18 பன்னாட்டு அருங்காட்சியக நாள். 1977 முதல் கடைப்பிடிக்கப்படுகிறது, பல அருங்காட்சியகங்கள் அன்று கட்டணம் வாங்குவதில்லை. ஜூன் 5 சுற்றுச்சூழல் நாள். மே, அக்டோபர் மாதங்களின் இரண்டாம் சனிக்கிழமைகள் வலசைப் பறவைகள் நாள். அக்டோபர் 4 முதல் 10 வரை உலக விண்வெளி வாரம். முதல் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் 1957இல் ஏவப்பட்ட நாளில் அது தொடங்குகிறது. நிலவைப் பார்ப்பதற்கென்று 2010 முதல் ஆண்டுக்கு ஓர் இரவும் இருக்கிறது. அதன் தேதி நிலவின் பிறையைப் பொறுத்து ஆண்டுதோறும் மாறும்.

இந்த நாட்களுக்கு மூன்று வாரம் முன்பு அந்தந்த நிறுவனத்தை நீங்களே தொடர்புகொண்டு, "அன்றைக்கு ஏதாவது ஏற்பாடு உண்டா?" என்று கேளுங்கள். சுவரொட்டி அச்சாகி வருவதற்குள் சிறு பிள்ளைகளுக்கான பயிற்சி வகுப்புகளில் இடம் நிரம்பிவிடுவது உண்டு. வானியல் மன்றத்தின் தொலைநோக்கி இரவும், அருங்காட்சியகத்தின் மண்பொம்மை வகுப்பும் எங்களுக்கு இப்படித்தான் கிடைத்தன.

கைபேசிக் குழுக்களை எப்படிப் பயன்படுத்துவது

குடியிருப்புக் குழு, பெற்றோர் குழு, ஃபேஸ்புக் குழு இவை தேவையில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஊரில் இன்னது நடக்கிறது என்ற முதல் பேச்சு அங்கேதான் கிளம்புகிறது. அதைப் பேச்சாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கிடைப்பதைக் கொண்டு தேடத் தொடங்கலாம். வண்டியை எடுக்கக் கூடாது.

வாட்ஸ்ஆப்பில் ஒரு செய்தியின் மேல் பகிரப்பட்டது என்ற குறிப்பு இருந்தால், அனுப்பியவர் அதை எழுதவில்லை என்று பொருள். இரட்டை அம்புக்குறி இருந்தால், அது குறைந்தது ஐந்து கை மாறி வந்திருக்கிறது. அனுப்பியவர் நல்லவராக, அக்கறையுள்ளவராக இருக்கலாம். அந்த அக்கறை அவருடையது. செய்தியின் உண்மைக்கு அது சான்றாகாது. அவரிடம் மரியாதையாக, "உங்களுக்கு இது எங்கிருந்து வந்தது? நீங்கள் போகிறீர்களா?" என்று கேளுங்கள். "நான் போகிறேன், நேற்று முன்பதிவு செய்தேன்" என்று வரும் பதிலும் "சும்மா வந்தது, போட்டேன்" என்று வரும் பதிலும் ஒன்றல்ல.

பல ஊர்களின் நிகழ்ச்சிகளைத் திரட்டித் தரும் தளங்களிலும் இதே சிக்கல் இருக்கிறது. அவை நிகழ்ச்சி அறிவிக்கப்பட்ட அன்று அதை எடுத்து வைத்துக்கொள்கின்றன. ரத்தானதைச் சேர்ப்பதற்கு அங்கே பெரும்பாலும் ஆள் இருப்பதில்லை. தேடுபொறிகள் தானாகத் தொகுத்துத் தரும் சுருக்கங்களும் அந்தத் தளங்களைப் படித்துத்தான் பேசுகின்றன.

சுவரொட்டியைச் சோதிக்கும் முறை

ஒரு சுவரொட்டி கைக்கு வந்ததும் முதலில் ஆண்டைத் தேடுங்கள். ஆண்டு அச்சிடாத சுவரொட்டிதான் மிகுந்த தொல்லை தருகிறது. நல்ல நிகழ்ச்சிகளின் சுவரொட்டிகள் ஆண்டுக்கணக்கில் சுற்றுகின்றன. ஆண்டு இல்லாவிட்டால் தேதியையும் கிழமையையும் ஒப்பிடுங்கள். 365 நாள் என்பது 52 வாரமும் ஒரு நாளும். அதனால் ஒரே தேதி அடுத்த ஆண்டு ஒரு கிழமை தள்ளி விழும்; இடையில் பிப்ரவரி 29 வந்தால் இரண்டு கிழமை தள்ளும். அதே தேதி அதே கிழமையில் மறுபடி விழக் குறைந்தது ஐந்து ஆண்டு ஆகும். நான் ஏமாந்த சுவரொட்டியில் 14, வெள்ளிக்கிழமை என்று இருந்தது. அந்த ஆண்டு 14ஆம் தேதி சனிக்கிழமை. அச்சுப்பிழை என்று நினைத்துவிட்டேன். தேதியும் கிழமையும் முரண்பட்டால் அதை அச்சுப்பிழை என்று நீங்களாக முடிவு செய்துவிடாதீர்கள்.

அடுத்து, நடத்துபவர் யார் என்று பாருங்கள். "நண்பர்கள் குழு வழங்கும்" என்று மட்டும் இருந்தால் போதாது. தேடினால் கிடைக்கக்கூடிய ஒரு பெயர் வேண்டும். அந்தப் பெயரில் கடந்த ஆண்டு ஏதாவது நடந்திருக்கிறதா என்று தேடுங்கள். நடந்த நிகழ்ச்சியின் படங்களில் அந்த இடம் தெரிகிறதா? போனவர்கள் ஏதாவது எழுதியிருக்கிறார்களா? புகழ்ச்சி மட்டும் இருந்தால் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை வராது. "கழிப்பறை தூரம், நிழல் குறைவு, பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தது" என்று எழுதியவர் அங்கே நின்றிருக்கிறார்.

பிறகு மிக முக்கியமான படி: நடத்துபவரை மட்டும் கேட்காமல், நடக்கும் இடத்தைக் கேளுங்கள். அந்த எண்ணைச் சுவரொட்டியிலிருந்து எடுக்காதீர்கள். அரங்கத்தின் சொந்தத் தளத்திலிருந்தோ வாசல் பலகையிலிருந்தோ எடுங்கள். போலிச் சுவரொட்டியில் இருக்கும் எண்ணும் போலியாகத்தான் இருக்கும். பேசும்போது நான் கேட்பவை இவை: அன்று அந்த நேரத்துக்கு இடம் பதிவாகியிருக்கிறதா, யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, எத்தனை மணிக்குக் கதவு திறக்கும், மழை வந்தால் என்ன ஏற்பாடு, தள்ளுவண்டியோ சக்கர நாற்காலியோ உள்ளே போகுமா. மூன்று நிமிடம் ஆகும். நிகழ்ச்சிக்கு முந்தின நாள் மாலை கேட்பதே சரி. ஒரு வாரம் முன்பு கேட்ட பதில் பழையதாகிப்போயிருக்கும்.

பணம் கேட்கும்போது

கட்டண நிகழ்ச்சி என்றால் டிக்கெட்டை அரங்கத்தின் சொந்தத் தளத்திலோ அது காட்டும் இணைப்பிலோ வாங்குங்கள். தேடலில் மேலே வரும் முதல் முடிவு பல நேரம் விளம்பரம்; அதில் மறுவிற்பனை செய்பவர்களும் இருப்பார்கள், ஏமாற்றுபவர்களும் இருப்பார்கள். முகவரிப் பட்டையில் பூட்டுச் சின்னம் இருப்பதைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். நீங்கள் அனுப்பும் விவரம் வழியில் களவு போகாது என்பதற்கு மட்டுமே அது உறுதி. மறுமுனையில் இருப்பவர் யோக்கியர் என்பதற்கு அல்ல. கியூஆர் குறியீட்டின் மேல் இன்னொரு தாள் ஒட்டப்பட்டிருந்தால் அதை ஸ்கேன் செய்ய வேண்டாம். தனி ஆளின் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொன்னாலும், "இன்னும் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்" என்று அவசரப்படுத்தினாலும் நிறுத்திவிட்டு அரங்கத்தைக் கேளுங்கள். குடும்ப நிகழ்ச்சி நடத்தும் நேர்மையான அமைப்பு எதுவும், ஒரு தாய் யோசிக்க அரை மணி நேரம் எடுத்துக்கொள்வதைத் தப்பாக நினைக்காது.

பிள்ளைகளை விட்டுவிட்டு வரும் இடங்கள்

விடுமுறை முகாம், ஓவிய வகுப்பு, விளையாட்டுப் பயிற்சி போன்றவற்றில் பிள்ளையை ஒப்படைத்துவிட்டு வருகிறோம். இங்கே கேட்க வேண்டியவை வேறு. எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை பெரியவர்கள்? அவர்களின் பின்னணி சரிபார்க்கப்பட்டிருக்கிறதா? முதலுதவி தெரிந்தவர் யார்? பிள்ளையை அழைத்துப்போக வருபவரை எப்படி அடையாளம் காண்கிறார்கள்? படம் எடுத்தால் எங்கே போடுவார்கள்? முதல் நாள் பெற்றோர் உள்ளே உட்காரலாமா? இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை நான் மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். "தாராளமாக" என்று சொல்லி நாற்காலி போட்ட இடங்களில் என் பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் படித்தார்கள். காரணம் சொல்லாமல் மறுத்த இடத்திலிருந்து உடனே திரும்பிவிட்டேன்.

பதிவுப் படிவத்தையும் கவனியுங்கள். பெயர், வயது, ஒவ்வாமை, அவசர எண் ஆகியவை தேவை. ஒரு பிற்பகல் ஓவிய வகுப்புக்குப் பிள்ளையின் அடையாள அட்டை நகலோ பெற்றோரின் வருமானமோ எதற்கு? கேட்டால் காரணம் சொல்ல வேண்டியது அவர்கள் பொறுப்பு.

உங்கள் சொந்தக் குறிப்பேடு

ஒரு சிறிய நோட்டு போதும். ஒவ்வொரு பக்கத்திலும் ஓர் இடம் அல்லது அமைப்பின் பெயர், அங்கே பதில் சொல்பவர் யார், எந்த நேரத்தில் கிடைப்பார், அவர் சொன்னது நடந்ததா என்று எழுதிவாருங்கள். சொன்னபடி நடந்தால் ஒரு கோடு. நடக்காமல் முன்பே தெரிவித்திருந்தாலும் ஒரு கோடு. ரத்தானதை நேரத்தோடு சொல்வதும் நம்பகம்தான், சில நேரம் அதுவே கூடுதல் நம்பகம். சொல்லாமல் இரண்டு முறை கைவிட்ட இடத்தின் பக்கத்தை நான் மடித்துவைத்துவிடுவேன். மூன்று மாதத்தில் ஏழெட்டு நல்ல பக்கங்கள் சேரும். ஒரு குடும்பத்துக்கு அதற்கு மேல் தேவைப்படாது.

நூலகமோ நகராட்சியோ தன் நிகழ்ச்சி நாட்காட்டிக்கு இணைப்புத் தந்தால் அதை உங்கள் கைபேசி நாட்காட்டியோடு சேர்த்துவிடுங்கள். ஐகேலண்டர் என்ற பொது வடிவம் 1998 முதலே இருப்பதால் பெரும்பாலான கைபேசிகள் அதை ஏற்கும். அவர்கள் நேரத்தை மாற்றினால், சற்றுத் தாமதமானாலும், உங்களிடமும் மாறிவிடும். நிகழ்ச்சியைத் தனியாகப் பிரதி எடுத்துச் சேர்த்தால் மாறாது. மின்னஞ்சல் மடல் இருந்தால் அதற்கும் பதிவு செய்யுங்கள்.

நீங்கள் பகிரும்போது

சில மாதங்களில் உங்களைக் கேட்டு வருபவர்கள் இருப்பார்கள். அப்போது சுவரொட்டிப் படத்தை மட்டும் அனுப்பாதீர்கள். படம் ஒருமுறை கிளம்பிவிட்டால் அதைத் திருத்த முடியாது. அரங்கத்தின் பக்கத்துக்கான இணைப்பை அனுப்புங்கள். அதன் கீழே, என்றைக்கு யாரிடம் விசாரித்தீர்கள் என்பதை ஆண்டோடு சேர்த்து ஒரு வரி எழுதுங்கள். "இன்று மாலை அரங்க அலுவலகத்தில் கேட்டேன், நாளை பத்து மணிக்குக் கதவு திறக்கிறார்கள்" என்ற அளவில் இருந்தால் போதும். நிகழ்ச்சி முடிந்து வீடு திரும்பியதும் அதே குழுவில் "நடந்து முடிந்தது" என்று பதில் இடுங்கள். தெருமுனையில் நீங்கள் ஒட்டிய தாள் ஏதாவது இருந்தால், மறுநாள் காலை பிள்ளையோடு போய்க் கழற்றிவிட்டு வாருங்கள்.